என் மதிப்பெண்ணை என்னிடமும் காட்டுங்கள்: உளச்சிகிச்சையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உளச்சிகிச்சை தரும் எல்லோருக்கும்,

வணக்கம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும், சிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனத்தின் அடியில் ஓடுவதைப் பேசிப் புரிந்துகொள்ளும் உளவியக்கச் சிகிச்சை, கட்டுக்கடங்காத உணர்ச்சிகளைக் கையாளத் திறன்கள் கற்றுத்தரும் டிபிடி, குடும்பச் சிகிச்சை என்று நீங்கள் எந்த முறையில் பயிற்சி பெற்றவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்? "பார்த்தாலே தெரிந்துவிடும்" என்பதைத் தவிர வேறு பதில் வைத்திருக்கிறீர்களா?

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் அல்ல. மனச்சோர்வுக்காக இரண்டு வகைச் சிகிச்சை எடுத்துக்கொண்டவள். முதலில் போனது சிபிடிக்கு. ஒவ்வொரு வாரமும் காத்திருக்கும்போதே, மனநிலையைக் கேள்விகளால் அளந்து மதிப்பெண் போடும் ஒரு படிவம் தருவார்கள். நிரப்பிக் கொடுப்பேன். தெரபிஸ்ட் அதை வாங்கிக் கோப்பில் செருகிவிட்டு, "சரி, போன வாரம் சொன்ன பயிற்சியைச் செய்தீர்களா?" என்று ஆரம்பிப்பார். அந்தப் படிவத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில ஆண்டுகள் கழித்து உளவியக்கச் சிகிச்சைக்குப் போனேன். அங்கே படிவமே கிடையாது. எனக்கு ஏதாவது முன்னேற்றம் இருக்கிறதா என்று நானாகக் கேட்டபோது, இந்தக் கேள்வி உங்களுக்கு ஏன் இப்போது எழுகிறது என்று யோசிப்போமே என்றார். யோசித்தோம். நல்ல உரையாடலாகத்தான் இருந்தது, பதில் மட்டும் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் அளந்தார்கள், ஆனால் பார்க்கவில்லை. இன்னோரிடத்தில் அளக்கவே இல்லை. இரண்டு பேரும் அக்கறையும் திறமையும் உள்ளவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இதைத் தனி மனிதர்களின் குறையாக நினைக்காமல் துறையின் பழக்கமாகப் பார்த்து உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை 2005இல் ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. ஹன்னன், மைக்கேல் லாம்பர்ட் முதலானோர் செய்தது. சிகிச்சையில் இருந்த 550 பேரைக் காட்டி, இவர்களில் யார் யார் வந்ததைவிட மோசமான நிலையில் வெளியே போவார்கள் என்று அவர்களுடைய தெரபிஸ்ட்களையே கணிக்கச் சொன்னார்கள். சுமார் 8 சதவீதம் பேர் மோசமாவது வழக்கம் என்பதும் தெரபிஸ்ட்களுக்குத் தெரிந்தே இருந்தது. அவர்கள் கைகாட்டியது 3 பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கைகாட்டப்பட்ட மூவரில் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார். அதே ஆட்கள் அமர்வுதோறும் நிரப்பிய படிவங்களின் மதிப்பெண்ணை வைத்துப் போட்ட புள்ளியியல் கணக்கு, நாற்பதில் 36 பேரை முன்கூட்டியே அடையாளம் காட்டியது. அந்தக் கணக்கு, நன்றாகத் தேறிவந்த சிலரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டது உண்மைதான். ஆனால் நன்றாக இருக்கும்போது என்னைக் கூடுதலாக ஒருமுறை விசாரித்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. மோசமாகும்போது யாரும் விசாரிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

2012இல் வால்ஃபிஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் மனநலத் துறையினர் 129 பேரிடம், சகாக்களோடு ஒப்பிட்டு உங்கள் திறமைக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே தன்னை வைத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை, எந்தத் தொழிலில் கேட்டாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். ஆனால் மற்ற தொழில்களில் பலவற்றில் செய்த வேலை சரியில்லை என்றால் அது திரும்பி வந்து கதவைத் தட்டும். உங்கள் தொழிலில் அப்படித் திரும்பி வருவதில்லை. சரியாகாதவர் அடுத்த வாரம் வருவதை நிறுத்திவிடுகிறார். நீங்கள் அவருக்குச் சரியாகிவிட்டது என்றோ, அவருக்கு இன்னும் மனம் வரவில்லை என்றோ எடுத்துக்கொள்கிறீர்கள்.

எங்கள் பக்கமும் காரணம் உண்டு. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்கிற ஒருவரிடம், முகத்துக்கு நேரே, "உங்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை" என்று எப்படிச் சொல்வது? அதுவும் மற்றவர்களைத் திருப்திப்படுத்தியே பழகிப்போனதுதான் என் நோயின் பாதி. "பரவாயில்லை", "கொஞ்சம் தேவலை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். காகிதத்தில் 'கிட்டத்தட்ட எல்லா நாளும்' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடிப்பது அதைவிட எவ்வளவோ எளிது. என் வாய் சொல்லாததை என் கை ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டிருந்தது. அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

உங்கள் துறைக்கு அளவீடு புதிதும் இல்லை, அந்நியமும் இல்லை. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், நியூரோசிஸ் என்று அப்போது சொல்லப்பட்ட பதற்றம், மனச்சோர்வு போன்ற பிரச்சினைகள் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சை இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள், உளச்சிகிச்சை அதற்கு மேல் எதுவும் சாதிக்கவில்லை என்று எழுதி எல்லோரையும் சீண்டினார். அவர் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. ஆனால் அந்தச் சீண்டல்தான் துறையைக் கணக்குப் பார்க்க வைத்தது. 1977இல் மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் சுமார் 375 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சிகிச்சை பெற்ற சராசரி ஆள், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்றார்கள். முறைகளுக்கு இடையே பெரிய வித்தியாசத்தையும் அவர்கள் காணவில்லை. சரி, மகிழ்ச்சி. ஆனால் நான் சராசரி ஆள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மருத்துவத்தில் வேறு எங்கும் "இந்த மருந்து பெரும்பாலோருக்கு வேலை செய்கிறது, ஆகவே உங்களுக்குச் சோதனை வேண்டாம்" என்று அனுப்பிவிட மாட்டார்கள். கென்னத் ஹோவர்டும் சகாக்களும் 1996இல் கேள்வியை இந்தப் பக்கம் திருப்பினார்கள்: இந்தச் சிகிச்சை இந்த ஆளுக்கு, இப்போது வேலை செய்கிறதா? எனக்கு வேண்டியது இந்தக் கேள்விக்கான பதில்.

நான் வாராவாரம் நிரப்பிய படிவம் பிஎச்கியூ-9. மனச்சோர்வுக்கானது, 2001இல் வெளியானது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை, இருபதைத் தொட்டால் தீவிரம். இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். பதற்றத்துக்கு இதே பாணியில் ஜிஏடி-7 இருக்கிறது, அதன் மொத்தம் 21. எந்த நோய் என்று பார்க்காமல் பொதுவான நிலையை அளக்க 45 கேள்விகள் கொண்ட ஓகியூ-45, 34 கேள்விகள் கொண்ட கோர்-ஓஎம் என்று பல உண்டு. ஸ்காட் மில்லரும் பாரி டங்கனும் செய்த ஓஆர்எஸ் இன்னும் சிக்கனம்: பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள், அவ்வளவுதான். கோட்டில் எங்கே இருக்கிறோம் என்று குறித்தால் போதும். எனவே நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தப் படிவங்களை நான் கொண்டாடவும் இல்லை. பிஎச்கியூவில் பசியின்மைக்கும் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதற்கும் ஒரே கேள்வி, தூக்கம் வராததற்கும் நாள் முழுக்கத் தூங்குவதற்கும் ஒரே கேள்வி. 14 வாங்கிய இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அடையாளமே கண்டுகொள்ள மாட்டார்கள். மருத்துவரே மதிப்பெண் போடும் ஹாமில்டன் அளவுகோல் 1960இலிருந்து இருக்கிறது, அதன் 17 கேள்விகளில் மூன்று தூக்கத்தைப் பற்றியவை. தூக்கம் வரவழைக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்தாலே மனச்சோர்வு குறைந்ததுபோல் எண் இறங்கிவிடும். ஒவ்வொரு படிவத்துக்கும் இப்படி ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது தெரிந்து பயன்படுத்துவது உங்கள் வேலை.

எண் இறங்கினாலே முன்னேற்றம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரும் நன்றாக இருக்கும் வாரத்தில் உங்களைத் தேடி வருவதில்லை. தாங்க முடியாமல் போகும்போதுதான் வருகிறோம். அந்த உச்சத்திலிருந்து எண் கொஞ்சம் தானாகவே இறங்கும், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும். அதுபோக எந்தப் படிவத்திலும் வாரத்துக்கு வாரம் ஓரிரு புள்ளி அங்கும் இங்கும் ஆடும். இதற்குத்தான் 1991இல் நீல் ஜேக்கப்சனும் போலா ட்ருவாக்ஸும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கச் சொன்னார்கள். ஒன்று, இந்த மாற்றம் படிவத்தின் ஆட்டத்தைவிடப் பெரியதா? இன்னொன்று, நோயுள்ளவர்களின் வரம்பைக் கடந்து நோயில்லாதவர்களின் வரம்புக்குள் ஆள் வந்துவிட்டாரா? ஓகியூ-45இல் 14 புள்ளியாவது மாற வேண்டும் என்கிறார்கள். இங்கிலாந்தின் பொது உளச்சிகிச்சைத் திட்டம் பிஎச்கியூவுக்கு 6, ஜிஏடிக்கு 4 என்று வைத்திருக்கிறது. பிஎச்கியூவில் பத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கியவர் நோய்க்கும் நோயின்மைக்கும் இடையிலான கோட்டைத் தாண்டிவிட்டார், ஆனால் உண்மையில் நகரவில்லை. இருபத்தைந்திலிருந்து பதினைந்துக்கு வந்தவர் கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் பாருங்கள். இவர்களில் யாருக்கு வேலை செய்திருக்கிறது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இனி முறைகளுக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதை அதிகம் பார்த்திருக்கிறேன். "நாங்கள் அறிகுறியை மட்டும் பார்ப்பவர்கள் அல்ல, எங்கள் வேலையை உங்கள் படிவம் அளக்காது" என்று ஒரு தரப்பு சொல்கிறது. அளக்க முடியாததற்கு ஏன் காசு வாங்குகிறீர்கள் என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஒவ்வொரு முறையும் எதை மாற்றுவதாகச் சொல்கிறதோ, அதை அளக்கும் வழி அந்த முறைக்குள்ளேயே பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது.

வேண்டாத எண்ணங்களும் கை கழுவுவது போன்ற செயல்களும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடிக்கான எதிர்கொள்ளல் பயிற்சியைப் பாருங்கள். பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் இருக்கச் சொல்கிறீர்கள். அப்போதே "உங்கள் பதற்றம் 0 முதல் 100க்குள் எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். ஜோசப் வோல்பே தந்த அளவுகோல் அது. அந்த எண் அமர்வுக்குள் ஏறுவது சிகிச்சை நடக்கிறது என்பதற்கு அடையாளம். நோய் குறைகிறதா என்பதற்கு ஒய்-பாக்ஸ் என்ற 40 புள்ளி அளவுகோல் தனியாக இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் 35 சதவீதம் குறைந்தால் பலன் உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று ஏற வேண்டும், ஒன்று இறங்க வேண்டும். இதை நோயாளிக்கு முன்பே சொல்லாவிட்டால், மூன்றாவது அமர்வில் அவர் ஓடிவிடுவார்.

பேரதிர்ச்சிக்கான சிகிச்சையிலும் இதே கவலை. நடந்ததை மறுபடி நினைவில் கொண்டுவந்து பேச ஆரம்பித்ததும் சிலருக்கு அறிகுறிகள் சில காலம் கூடும். எட்னா ஃபோவாவும் குழுவினரும் 2002இல் இதைப் பார்த்தார்கள். சிறு பகுதியினருக்குத்தான் அப்படிக் கூடியது, கூடியவர்கள் கடைசியில் மற்றவர்களைவிட மோசமாகவும் முடியவில்லை. ஆகவே எண் ஏறும்போது "இது எதிர்பார்த்ததுதான்" என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எத்தனை வாரம் வரை எதிர்பார்த்தது? அதை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். கெடு இல்லாத "எதிர்பார்த்ததுதான்" எந்தத் தோல்வியையும் மூடி மறைக்கும்.

டிபிடியில் அளவீடும் சிகிச்சையும் பிரிக்க முடியாதவை. மார்ஷா லினஹன் உருவாக்கிய அந்த முறையில் நாட்குறிப்பு அட்டை ஒன்று உண்டு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா, செய்தேனா, எந்தத் திறனைப் பயன்படுத்தினேன் என்று தினமும் குறிக்க வேண்டும். அமர்வில் எதை முதலில் பேசுவது என்பதையே அந்த அட்டைதான் தீர்மானிக்கிறது. கோப்புக்குள் போகவே அதற்கு வழியில்லை. மற்ற முறையினர் டிபிடியிடம் ஒன்றைக் கடன் வாங்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உளவியக்கச் சிகிச்சையாளர்களே, உங்களோடு கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். அறிகுறிப் படிவம் உங்கள் வேலையில் பாதியைத்தான் பார்க்கும் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆதாரத்தோடு நம்புகிறேன். உணர்ச்சிகளும் உறவுகளும் ஓயாமல் அலைபாயும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள 90 பேருக்கு மூன்று வகைச் சிகிச்சை தந்து ஓராண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. இடமாற்ற உணர்வை, அதாவது பழைய உறவுகளின் உணர்வுகளைத் தெரபிஸ்ட் மீது ஏற்றிப் பார்ப்பதை, மையமாகக் கொண்ட சிகிச்சை; டிபிடி, உளவியக்க ஆதரவுச் சிகிச்சை. மனச்சோர்வு, பதற்றம், பொதுச் செயல்பாடு என்று வழக்கமானவற்றை அளந்தபோது மூன்று குழுவுமே முன்னேறியிருந்தன. இது 2007இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே கென்னத் லெவியும் குழுவினரும் அதே ஆட்களிடம் வேறொன்றை அளந்து வெளியிட்டிருந்தார்கள்: தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் திறன். சிறுவயதுப் பிணைப்பு பற்றிய நீண்ட நேர்காணலைப் பதிவு செய்து எழுத்தாக்கி, பயிற்சி பெற்றவர்கள் படித்து மதிப்பெண் போடும் முறை, பீட்டர் ஃபோனகியும் சகாக்களும் வகுத்தது. அது முதல் குழுவில் மட்டும் உயர்ந்தது. பொதுப் படிவம் மட்டும் இருந்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஆழத்தில் மாற்றம்" என்று நீங்கள் சொல்வதை அளந்து காட்ட முடியும் என்பதை உங்கள் ஆட்களே காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அளக்க முடியாது என்றால் எப்படி? அவ்வளவு பெரிய நேர்காணலை ஒரு சாதாரணக் கிளினிக்கில் செய்ய முடியாது என்பது புரிகிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என் உறவுகளில் திரும்பத் திரும்ப வருவதாக நீங்கள் கண்ட அந்த ஒரே கதை இப்போது எப்படி இருக்கிறது என்று என்னோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாமே.

மனிதநேய மரபினர் "உறவைப் படிவம் கெடுத்துவிடும்" என்று சொல்லும்போது எனக்கு அந்த மரபின் முன்னோடி கார்ல் ரோஜர்ஸ்தான் நினைவுக்கு வருகிறார். அமர்வுகளை முதன்முதலில் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர்களில் அவர் ஒருவர். 1954இல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில், தன்னைப் பற்றிய வாசகங்கள் கொண்ட நூறு அட்டைகளை ஆட்கள் இருமுறை அடுக்கினார்கள்: நான் இப்போது எப்படி இருக்கிறேன், எப்படி இருக்க விரும்புகிறேன் என்று. சிகிச்சைக்கு முன் இரண்டு அடுக்குகளுக்கும் ஒட்டுறவு (முழுக்கப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) கிட்டத்தட்ட பூஜ்யம். முடிந்தபோது 0.34. நிபந்தனையற்ற ஏற்பைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசிய மனிதர் அட்டைகளை எண்ணிக்கொண்டும் இருந்தார், அதனால் அவருடைய அன்பு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏற்பு மற்றும் உறுதிமொழிச் சிகிச்சை, சுருக்கமாக ஏசிடி, அறிகுறியைக் குறைப்பது குறிக்கோள் இல்லை, மன நெகிழ்வு, அதாவது வேண்டாத எண்ணங்கள் இருந்தாலும் நமக்கு முக்கியமானதைச் செய்ய முடிவதுதான் குறிக்கோள் என்கிறது. நல்லது. அதற்கென்று ஏழு கேள்விப் படிவம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது நெகிழ்வை அளக்கிறதா, பொதுவான மன உளைச்சலையே வேறு வார்த்தையில் அளக்கிறதா என்று உங்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அந்த வாதத்தை முடிக்கும்வரை எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பதியர் சிகிச்சையில்தான் எனக்கே பதில் இல்லாத கேள்வி வருகிறது. 1976இல் ஸ்பேனியர் தந்த 32 கேள்விப் படிவத்தைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக நிரப்புகிறார்கள். அவருக்கு எண் ஏறுகிறது, இவருக்கு இறங்குகிறது. சராசரி எடுத்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்று வரும்! பிரிந்துவிடுவது என்று இரண்டு பேரும் நிதானமாக முடிவெடுத்து, சண்டையில்லாமல் பிரிந்தால் அது தோல்வியா? உறவின் தரத்தை அளக்கும் படிவத்தில் அது தோல்விதான். ஆறு மாதம் கழித்து அவர்களிடமும் குழந்தைகளிடமும் கேட்டால் வேறு பதில் வரலாம். எதை வெற்றி என்போம் என்பதை முதல் நாளே அவர்கள் வாயால் சொல்ல வைத்து எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்படி எழுதிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968இல் சொன்னது. நோயாளியே தன் இலக்கைச் சொல்வார். எதிர்பார்க்கும் நிலைக்கு 0. அதைவிட நல்லதுக்கு +1, +2. மோசத்துக்கு -1, -2. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது அவர் வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்று ஒரு வரி. என் வரியாக இருந்திருந்தால் "ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரையாவது நானே கூப்பிட்டுப் பேசுவது" என்று இருந்திருக்கும். பிஎச்கியூவில் அதற்கு இடமில்லை. எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

ஏன் ஒவ்வொரு அமர்விலும் அளக்க வேண்டும், முதலிலும் கடைசியிலும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கடைசி அமர்வு எது என்று பலருக்கும் முன்கூட்டியே தெரியாது. பாதியில் நின்றுவிடுகிறவர்களின் எண் உங்களிடம் இருக்காது, அவர்களில்தான் தேறாதவர்கள் அதிகம். முடித்தவர்களை மட்டும் எண்ணினால் உங்கள் பலன் இருப்பதைவிட அழகாகத் தெரியும். இன்னொன்று, மாற்றம் எப்போதும் சீராக வருவதில்லை. டாங், டெருபீஸ் இருவரும் 1999இல் காட்டியபடி சிபிடியில் சிலருக்கு ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் மதிப்பெண் திடீரென்று பெரிதாக இறங்குகிறது, பெரும்பாலும் அது நிலைக்கிறது. அதற்கு முந்தைய அமர்வில் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்க்க வாராந்தரக் கணக்கு இருந்தால்தான் முடியும். 1986இல் ஹோவர்ட் குழு கணக்குப் போட்டபோது சுமார் 8 அமர்வில் பாதிப்பேரும், 26 அமர்வில் முக்கால்வாசிப் பேரும் முன்னேறியிருந்தார்கள். ஆகவே மூன்று அமர்வில் எண் அசையவில்லை என்றால் பதற வேண்டியதில்லை. முப்பதாவது அமர்விலும் அசையவில்லை என்றால், மன்னிக்க வேண்டும், யாராவது பதறத்தான் வேண்டும்.

நேர்மையாக இதையும் சொல்கிறேன்: படிவம் மந்திரம் இல்லை. அமர்வுதோறும் அளந்து தெரபிஸ்டுக்குத் தெரிவிப்பதால் என்ன பலன் என்று 58 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. பலன் இருக்கிறது, ஆனால் சிறியதுதான். இங்கிலாந்தில் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வும், பலன் முக்கியமாகத் தடம் விலகிப் போகிறவர்களுக்குக் கிடைப்பதாகவே காட்டியது. நன்றாகத் தேறி வருபவருக்கு நீங்கள் அளந்தாலும் அளக்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் மோசமாகிறவர்களுக்காகத்தானே இவ்வளவும் கேட்கிறேன். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் சிகிச்சையில் மோசமாகிறார்கள் என்பது நீண்ட காலமாகத் திரும்பத் திரும்ப வரும் கணக்கு.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்து 2008இல் ஆரம்பித்த, முன்பு சொன்ன அந்தப் பொதுத் திட்டம் கிட்டத்தட்ட எல்லோருடைய மதிப்பெண்ணையும் அமர்வுதோறும் திரட்டி வெளிப்படையாக வெளியிடுகிறது, அதற்கு என் மரியாதை உண்டு. கூடவே பாதிப்பேராவது தேற வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். எண் இலக்காகிவிட்டால் ஆட்கள் எண்ணைக் கவனிக்க ஆரம்பிப்பார்கள். கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரைச் சேர்த்துக்கொள்வது லாபம், தீவிரமானவரைச் சேர்ப்பது நஷ்டம் என்றாகிவிடும். பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்: கட்டுப்படுத்துவதற்காக அழுத்தம் கொடுத்தால், அதுவரை நம்பகமாக இருந்த புள்ளிவிவரம் சரிந்துவிடும். என் மதிப்பெண்ணை வைத்து என் தெரபிஸ்டின் சம்பளத்தைக் குறைக்காதீர்கள், என் அமர்வுகளையும் வெட்டாதீர்கள். அப்படிச் செய்வீர்கள் என்று தெரிந்தால் நானே பொய் எழுதுவேன், அவரைக் காப்பாற்றவோ, என் இடத்தைக் காப்பாற்றவோ.

பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது அது. யாராவது அதில் 0 தவிர வேறு எதைக் குறித்தாலும், அவர் உங்கள் அறையை விட்டுப் போவதற்குள் வாயைத் திறந்து அவரிடம் கேளுங்கள். படிக்கப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒருவர் அதை நிரப்புவதே எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அப்புறம், உங்களிடம் வேண்டுவது இவைதான். முதல் அமர்விலேயே, வேலை செய்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சிறிய பொதுப் படிவம் ஒன்று ஒவ்வொரு முறையும். உங்கள் முறை எதை மாற்றுவதாகச் சொல்கிறதோ அதற்கான அளவீடு ஒன்று, அவ்வப்போது. என் சொந்த வார்த்தையில் என் இலக்கு ஒன்று. அமர்வு முடியும்போது, இன்று நாம் பேசியது உங்களுக்குப் பொருந்தியதா என்ற கேள்வியும் வேண்டும், ஏனென்றால் சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் உள்ள இணக்கம் பலனோடு சேர்ந்தே வருவது நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக என் முன்னால் வையுங்கள். எண் ஏறினால் என்னைக் குற்றம் சொல்லும் தொனி வேண்டாம், உங்களைக் காத்துக்கொள்ளும் தொனியும் வேண்டாம். "இது நாம் நினைத்தபடி போகவில்லை, ஏன் என்று பார்ப்போமா?" என்றால் போதும். சில சமயம் நான், "இல்லை, முன்பு எதையும் உணராமல் மரத்துப்போயிருந்தேன், இப்போதுதான் வலிப்பது தெரிகிறது" என்று சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு மேல் உள்ளவரிடம் ஆலோசித்து, வேண்டுமானால் வழியை மாற்றி, அப்படியும் நகரவில்லை என்றால் இன்னொருவரிடம் அனுப்பிவையுங்கள். அனுப்புவதை நாங்கள் கைவிடலாக எடுத்துக்கொள்ளாதபடி முதல் நாளே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து அதே படிவத்தை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். முடியும்போது இருந்த நிலை தங்கியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை. என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அன்றே நிரப்பி அனுப்புவேன்.

நன்றியுடன்,
உங்களில் இருவரிடம் சிகிச்சை பெற்றவள்